கை நனைத்துவிட்டு வந்தவன்

வேப்பந்தட்டை,
12.2.1980

தம்பி இராமலிங்கத்துக்கு அக்கா ரெங்கம்மாள் எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம். பருத்திதான் கருகிவிட்டது.

கடற்படைக்கு நீர்மூழ்கிக் கப்பல் எந்த நாட்டில், எந்த மாதிரியில் வாங்குவது என்று பார்க்கிற குழுவில் நீயும் ஒருத்தனாமே! சிரித்துவிட்டேன். அரியலூர்ச் சந்தையில் கிழட்டு மாட்டைக் கன்று என்று பிடித்து வந்த துரைதானே நீ?

நீ அனுப்பிய போட்டோவும் வந்தது. கப்பல் விற்கிற கம்பெனிக்காரன் பக்கத்தில் கோழிக்காலும் கையுமாக இளிக்கிறாய். நம் பக்கம் சம்பந்தம் பேசப் போனால், பேசி முடிகிறவரை அந்த வீட்டில் கை நனைப்போமா? தின்ற வாயால் எப்படியடா வேண்டாமென்று சொல்வது?

என் மகன் செல்லதுரை விசாகப்பட்டினத்தில் நீர்மூழ்கியில்தான் இருக்கிறான். நாளைக்கு நீ பார்த்து வைக்கிற கப்பலில் உன் மருமகன்தான் இறங்கவேண்டும். எனக்கு அந்தப் பயம்தான். பார்த்துச் செய். அவனுக்கும் உன் மகள் அம்சவள்ளிக்கும் கல்யாணத்தை ஆவணியில் வைத்துக்கொள்வோமா?

ரெங்கம்மாள்


புதுதில்லி,
3.3.1980

அன்புள்ள அக்கா,

உன் ஏச்சு கிடைத்தது, மகிழ்ச்சி. விருந்தில் சாப்பிடாமல் எழுந்து வர அது ரஞ்சன்குடியில் சம்பந்தம் பேசுகிற வீடு இல்லை, அக்கா. அவர்கள் எவ்வளவு மரியாதையாக நடத்தினார்கள் தெரியுமா? உனக்கு அதெல்லாம் புரியாது.

இரண்டு மாதிரிகள் வந்தன. ஒன்றில், ஆபத்து என்றால் ஆட்கள் எல்லாரும் ஏறி மேலே மிதந்து வர ஓர் உருண்டை அறை உண்டு. எங்களுக்கு விருந்து வைத்தவர்கள் காட்டியதில் அது இல்லை. ஆனால் வேகம் அதிகம், குண்டும் கூடுதலாக ஏற்றலாம். அதுதான் சிறந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலிடத்துக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது.

அம்சவள்ளி விஷயம். செல்லதுரை தங்கமான பையன், ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் தண்ணீருக்கு அடியில் பிழைப்பு. ஒன்று ஆகிவிட்டால் வெளியே வர வழியில்லை. பெற்ற மனசு கேட்கவில்லை, அக்கா. இங்கே கரையில் வேலை பார்க்கிற ஒரு வரன் அமைந்திருக்கிறது. சித்திரையில் நேரில் வந்து சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி,
இராமலிங்கம்


வேப்பந்தட்டை,
15.3.1980

இராமலிங்கத்துக்கு,

என் கண்ணாடி உடைந்து கிடக்கிறது. லீவில் வந்திருக்கிற செல்லதுரைதான் உன் கடிதத்தை வாசித்தான். உருண்டை அறையையும் வாசித்தான், அடுத்ததையும் வாசித்தான். முடித்துவிட்டு, "மாமா சரியாத்தாம்மா எழுதியிருக்காரு. வெளிய வர வழி இல்லதான்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். 

உனக்கு மாப்பிள்ளையாக வருகிறவனுக்கு ஆகாத கப்பல் என் பிள்ளைக்கு ஆகுமா? ஊரான் பிள்ளைகளுக்கு ஆகுமா? த்தூ, நீயும் ஒரு ஆபீசர்!

உன் பெண்ணை யாருக்கு வேண்டுமானாலும் கொடு. எனக்கு ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கையெழுத்தை மாற்று. மாற்றிவிட்டு வந்தால் உனக்குப் பிடித்த கேழ்வரகுக் களி கிண்டி வைக்கிறேன்.

மாற்றாமல் வருவதாக இருந்தால், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலேயே சாப்பிட்டுவிட்டு வா. என் வீட்டில் நீ கை நனைக்க வேண்டாம்.

செல்லதுரையின் அம்மா