வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த துண்டு

12.2.1994, சனி

மத்தியானம்தான் அசாமிலிருந்து வந்து சேர்ந்தோம். எங்கள் கும்மிக்குக் கிடைத்த கைதட்டலைப் பற்றியே கல்லூரிப் பாட்டுக் குழுவில் எல்லோரும் வழி முழுக்கப் பேசினார்கள். எனக்கு அந்தத் துண்டின் ஞாபகம்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும், நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா தானே நெய்த சிவப்புக் கரைத் துண்டை என் கழுத்தில் போட்டார். விருந்தாளிக்கு அங்கே அதுதான் மரியாதை. நான் என்ன செய்தேன்? லீவு நாளெல்லாம் வேலம்பாளையம் பனியன் கம்பெனியில் துணியில் பழுது தேடும் செக்கிங் வேலை பார்த்த கை. துண்டை இழுத்து விளக்குக்கு நேரே பிடித்துவிட்டேன். ஓரிடத்தில் இழை விட்டிருந்தது.

"டேமேஜுங்க அக்கா" என்றேன், பக்கத்தில் நின்ற எங்கள் குழுவின் செல்வி அக்காவிடம்.

அந்த வார்த்தை வீட்டுக்காரம்மாவின் மகளுக்குப் புரிந்துவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்காரம்மா சிரித்தபடியே துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ரயிலடியில் வேறொரு துண்டைப் போட்டுவிட்டார். சித்திரையில் வரும் அவர்கள் புது வருஷத்துக்குத் தன் மகனுக்குக் கொடுக்க நெய்து வைத்திருந்ததாம். ரயில் கிளம்பிய பிறகு செல்வி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் என் அம்மா பையைப் பிரித்தாள். அவளும் செக்கிங்தான். நான் தடுப்பதற்குள் துண்டை டியூப்லைட்டுக்கு நேரே விரித்துவிட்டாள்.

"ஒரு டேமேஜ்கூட இல்லியே கண்ணு! ஆரு குடுத்தாங்க?"

"எல்லாருக்கும் ஒண்ணு குடுத்தாங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.