நனைந்த கைக்கு ஒரு பொத்தான்

எடீ,

இன்று காலை அலுவலகத்துக்குள் நுழைந்தால், உன் சில்வர் டம்ளரில் யாரோ பேனாக்களைப் போட்டு வைத்திருந்தார்கள். வந்த கோபத்தில் அத்தனையையும் மேசைமேல் கொட்டினேன். டம்ளரைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, பழையபடி சோதனை போன்களுக்குப் பக்கத்தில் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது.

கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. நம் ஆம்புலன்ஸ் செயலியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை எடுத்துவிட்டு, விரலால் இழுக்கும் பழைய பட்டையையே திரும்பக் கொண்டுவரலாமா என்று இன்றைக்கு மீட்டிங். குழந்தைகள் விளையாட்டாகத் தொட்டு வண்டிகள் வீணாக ஓடுகின்றன என்கிறார் புதிய மேனேஜர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பொத்தானுக்காகப் பேச நான் ஒருத்திதான். எனக்கே அதில் ஒரு சந்தேகம் இருந்தது. உனக்கு மூச்சு முட்டிய கடைசி நாளில் உன் அண்ணன் தொட்டது அதே பொத்தானைத்தான். அது தொட்டதும் வேலை செய்ததா, அவரையும் அலைக்கழித்ததா என்று நான் அவரிடம் அதுவரை கேட்டதே இல்லை. வண்டி கிளம்பிய நேரம் கணினியில் இருக்கிறது. அதற்கு முன் ஒரு கை எத்தனை முறை வழுக்கியது என்பது எந்தக் கணினிக்கும் தெரியாது.

பட்டை உன் யோசனைதான், ஞாபகம் இருக்கிறதா? "கொச்சுப்பிள்ளைங்க இதைத் தெரியாம இழுக்குமாடி?" என்று பீற்றிக்கொண்டாய். பொன்முடி எஸ்டேட்டில் உன் அம்மாவைப் பார்க்க என் ஸ்கூட்டரில் போன அன்று, விதுரா ஊரைத் தாண்டி மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் பின்னாலிருந்து என் தோளை இறுக்கினாய். திரும்பினால் உன் உதடு நீலம் பாரித்திருந்தது. இன்ஹேலர் காலி. நம் செயலியைத் திறந்து பட்டையை இழுத்தேன். பாதி வரை போய்த் திரும்பி வந்தது. மறுபடி இழுத்தேன், மறுபடி வந்தது. சுடிதாரில் விரலைத் துடைத்தால் அதுவும் நனைந்திருந்தது. "சரியாக இழுக்கவும்" என்று திரை என்னைத் திட்டியது. ஆம்புலன்ஸுக்கு நேராகப் போன் பண்ணலாம் என்பது பதற்றத்தில் தோன்றவே இல்லை. மேலேயிருந்து வந்த ஜீப் ஒன்று உன்னை ஏற்றிக்கொண்டதால் பிழைத்தாய்.

ஆஸ்பத்திரியில் மாஸ்க்கைத் தூக்கி நீ சொன்ன முதல் பேச்சு, "அந்தப் பட்டையைத் தூக்கிக் கடாசுடி."

டம்ளர் அதற்குப் பிறகு வந்தது. யார் எந்தத் திரையைக் கொண்டுவந்தாலும் விரலைத் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் தொடுவாய். கட்டைவிரல் எட்டும் இடத்தில் பெரிய பொத்தான் வைத்தாய். தவறித் தொட்டவர்களுக்காகப் பக்கத்திலேயே "வேண்டாம்" என்று இன்னொன்று. "கூப்பிடவும் லேசா இருக்கணும், வேண்டாம்னு சொல்லவும் லேசா இருக்கணும், கேட்டியா" என்பாய். "தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, "உசிரு போற நேரத்துல எவன்டி கோரிக்கை வைப்பான்?" என்று அதை அடித்துவிட்டாய். அந்த இடத்தில் நீ எழுதியது, "வண்டி கிளம்பியாச்சு. கதவைத் திறந்து வையுங்க."

மீட்டிங்கில் டம்ளரையும், பழைய பட்டை இருக்கும் ஒரு சோதனை போனையும் மேனேஜர் முன்னால் வைத்தேன். சிரித்துக்கொண்டே விரலை நனைத்துப் பட்டையை இழுத்தார். திரும்பி வந்தது. இரண்டாம் முறை இழுக்கும்போது சிரிப்பில்லை. ஆனாலும் விடவில்லை. "இது மேசைமேல நடக்கிற சோதனை. நிஜத்துல ஈரக் கைக்கு இந்தப் பொத்தான் உடனே வேலை செஞ்சிருக்குன்னு உங்களால சொல்ல முடியுமா?" என்றார்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "ஒரு நிமிஷம் சார்" என்று வெளியே போய், மாடிப்படியில் நின்று உன் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"என்ன தங்கச்சி, சுகந்தானே?" அவர் பரோட்டா போடும் ஹோட்டலின் சத்தம் பின்னால் கேட்டது.

"அண்ணே, அன்னைக்கு வண்டியைக் கூப்பிட்டீங்களே, பொத்தான் உடனே வேலை செஞ்சுதா? நெறைய தடவை தொட வேண்டி வந்துச்சா?"

ஹோட்டல் சத்தம் தேய்ந்தது, வெளியே வந்துவிட்டார் போல. கேட்டிருக்கவே கூடாதோ என்று நினைத்தேன்.

"துணி அலசிட்டிருந்தேன் தங்கச்சி. சோப்புக் கையோட ஓடி வந்து தொட்டேன். ஒரே தடவைதான். வண்டி கிளம்பியாச்சு, கதவைத் திறந்து வையுங்கன்னு வந்துச்சு. நான் போனைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கேன். அவளால பேச முடியலை. கதவு பக்கம் கையைக் காட்டினா. அப்பறந்தான் போய்த் திறந்தேன்."

படியிலேயே உட்கார்ந்து அழுதேன். வண்டி வந்தும் நீ போய்விட்டாய். அது எனக்கு ஆறவே ஆறாது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், "வேலை செஞ்சிருக்கு சார். சோப்புக் கைக்கே" என்றேன்.

பொத்தான் அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. "வேண்டாம்" மட்டும் இன்னும் பெரிதாகிறது, உனக்கும் அது பிடிக்கும். அதன் கீழே இருக்கும் உன் வரியில் யாரையும் கைவைக்க விடமாட்டேன். எழுதியது யார் என்று உன் அண்ணனுக்குத் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லப் போகிறேன், அன்றைக்கு அவரைக் கதவைத் திறக்கச் சொன்னது இரண்டு தடவையும் நீதான் என்று.