ஞாயிற்றுக்கிழமைக் கொடி

நெடுந்தீவு மகாராசாவுக்கு உங்கள் பெண்சாதி மங்கை ரொறன்ரோவிலிருந்து எழுதுவது. முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா, போத்தலைப் பார்த்தே சுகமாக்குகிறீர்களா? நான் நல்ல சுகம். போனில் என்றால் சிரித்தே சமாளித்துவிடுவேன், அதுதான் எழுதுகிறேன்.

நான் பராமரிக்கிற மோராக் கிழவியும் தீவுக்காரிதான் என்று சொன்னேனே, ஸ்கொட்லாந்துப் பக்கம். வயது போக இங்கிலீஸ் மறந்து, அந்தத் தீவின் கேலிக் பாசைதான் மிச்சம். அவள் அதில் புலம்புவாள். நான், "ஓமணை, எனக்கும் உந்தக் கவலைதான்" என்பேன். கடைசி நாட்களை அங்கே கழிக்கட்டும் என்று மகள் இந்த வெள்ளிக்கு டிக்கெற் எடுத்திருந்தாள்.

போன ஞாயிறு கிழவியின் உடுப்பைத் தோய்த்துப் பல்கணிக் கொடியில் போட்டேன். கண்டதும் அவள் கத்திக்கொண்டு எழும்பி வந்து, கொடியை இழுத்து, விழுந்து, இடுப்பெலும்பு உடைந்துபோயிற்று. இனிப் பிளேன் ஏற ஏலாதாம்.

"அம்மாவின் தீவில் ஞாயிறு கர்த்தரின் ஓய்வுநாள், துணிகூடக் காயப்போடமாட்டார்கள். நான்தான் சொல்ல மறந்துவிட்டேன்" என்று மகள் அழுதாள். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு கிழவி இன்னும் பெட்டி அடுக்கச் சொல்லிக் கை காட்டுகிறாள். நானும் ஒரே சட்டையை மடித்து மடித்து வைக்கிறேன்.

எனக்கு ஒன்றுமில்லை, யோசிக்காதேங்கோ. ஆரும் இங்கே வந்தால் கொஞ்சம் பனங்கிழங்கு ஒடியல் கொடுத்துவிடுங்கோ. இனி ஞாயிறில் உடுப்புக் காயப்போடாதேங்கோ. மற்ற நாளிலும் நீங்கள் தோய்க்கிற ஆளில்லைதான், ஆனாலும் எனக்காக.

ஆசுப்பத்திரி பஸ் வந்துவிட்டது.

மங்கை