நீளமான பெட்டி

செப்டம்பர் 6, சனி

மழை வரும் வரும் என்று ஏமாற்றிய நாள். இந்தக் கேட்டி ஊரில் இன்றும் நூறு டிகிரி. அம்மா ஆஸ்பத்திரியில் பகல் ஷிஃப்ட், அப்பா புல் வெட்டினார். நான் நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கி ரேஞ்சுக்குப் போனேன். இது ஐந்தாவது சனிக்கிழமை. நூலகப் புத்தகங்கள் நான்கு காரிலேயே கிடக்கின்றன, திரும்பி வரும்போது கையில் எடுத்து வர. இருபத்தாறு வயதில் இவ்வளவு நேர்த்தியாகப் பொய் சொல்வேன் என்று நினைத்ததில்லை.

முதலில் கூட்டிப்போனவள் ஷ்யாமளா. ஆபீசில் பக்கத்து மேசை, கோயம்புத்தூர்க்காரி. துப்பாக்கி சுடப் பெண்களுக்கு மட்டும் ஒரு வகுப்பு, சும்மா வந்து பார் என்றாள். சும்மா பார்க்கப் போனவள் நான்.

வகுப்பு நடத்தும் டெனிஸ் இன்று ஒரு தாளை நீட்டினார். அக்டோபர் 18, புதியவர்களுக்கான போட்டி. ஐந்து இரும்புத் தட்டுகள். ஐந்தையும் எத்தனை விநாடியில் அடிக்கிறோம் என்பதுதான் ஆட்டம். பிரிவு இரண்டு: கைத்துப்பாக்கி, தோளில் வைத்துச் சுடும் கார்பைன். ஏதாவது ஒன்றில் பெயர் கொடுக்கலாம். வாடகைத் துப்பாக்கி போட்டிக்குக் கிடையாது. சொந்தமாக இருக்க வேண்டும்.

சொந்தமாக. எழுதும்போதே அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.

செப்டம்பர் 10, புதன்

இன்று மதியம் காண்டீனில் யாரோ தட்டை நழுவவிட்டார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் மேசைக்கடியில் பாதி குனிந்திருந்தேன். பேனாவைத் தேடுவது போல நடித்தேன். ஷ்யாமளா தன் பேனாவையும் எடுத்துக் கீழே போட்டாள். நல்லவள்.

வவுனியாவிலிருந்து வெளிக்கிடும்போது எனக்கு ஒன்பது வயது. திருச்சியில் நான்கு வருடம், பிறகு இங்கே. ஆனால் முதுகு இன்னும் அங்கேயே இருக்கிறது. சத்தம் வந்தால் அது என்னைக் கேட்பதில்லை.

ரேஞ்சில் ஏன் பயமில்லை? பல நாள் யோசித்தேன். அங்கே சத்தம் எப்போது வரும் என்பது என் விரலில் இருக்கிறது. அவ்வளவுதான். அதற்காகத்தான் போகிறேன். இதை அப்பாவிடம் எந்தச் சொற்களில் சொல்வது?

செப்டம்பர் 13, சனி

டெனிஸ் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒரே கம்பனி, ஒரே சிறிய ரவைத் தோட்டா, அதை அடைக்கும் ஒரே மகசின் இரண்டிலும் பொருந்தும். ஒன்று கைக்குள் அடங்குவது. மற்றது அதே சாமான்தான், குழல் நீண்டு, தோளில் வைக்க ஒரு கட்டையோடு. சின்னதை வாங்கிவிட்டுப் பிறகு தோள்கட்டை பொருத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன். கூடாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும், யோசித்து ஒன்றை எடு என்றார்.

கைத்துப்பாக்கியில் ஐந்து தட்டுக்குப் பதினொரு விநாடி. மூன்றாவது தட்டில் கை நடுங்கத் தொடங்கிவிடுகிறது. கார்பைனில் ஏழு. கன்னம் கட்டையில் படிந்ததும் மூச்சு தானாக அடங்குகிறது. டெனிஸ் நேரம் காட்டும் கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

ஷ்யாமளாவின் தீர்ப்பு வேறு. "பிஸ்டல் எடுடி. ஹேண்ட்பேக்ல போட்டா முடிஞ்சுது, அங்கிளுக்குத் தெரியவே தெரியாது. அந்த நீளப் பெட்டிய வீட்டுக்குள்ள எப்படி எடுத்துட்டுப் போவ? வீணை கிளாஸ் போறேன்னு சொல்வியா?"

"உன் வீட்டில் வைக்கலாமா?"

"என் புள்ளைக்கு ரெண்டு வயசு. ரிமோட்டையே ஃபிரிட்ஜுக்குள்ள வெக்கிறான். சான்ஸே இல்ல."

காதுக் கவசம் மட்டும் இன்று சொந்தமாக வாங்கினேன். பேட்டரியில் ஓடுவது. பக்கத்தில் பேசுவது தெளிவாகக் கேட்கும். வெடி வந்தால் அதை மட்டும் அமுக்கிவிடும். இப்படி ஒன்று இருக்கிறது என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கைத்துப்பாக்கி. முடிவு. அப்பாவுக்காக.

செப்டம்பர் 17, புதன்

அப்பாவுக்காகவா?

அந்த நீளமான உருவத்தை அவர் வீட்டுக்குள் பார்க்கக் கூடாது. அது உண்மை. சோதனைச் சாவடி வரிசையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அந்தக் குழல்கள் சரியாக என் கண் மட்டத்தில் இருந்தன. அப்பாவின் கை ஈரமாக இருந்தது. இந்த நாட்டிலும் ஜூலை நாலாம் தேதி வாணவேடிக்கை வந்தால் எங்களை சினிமாவுக்குக் கூட்டிப்போவார். புதுவருடத்துக்கு முதல் நாளும் அப்படித்தான். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு வெள்ளியங்கிரி அங்கிள் பட்டாசு வெடிப்பார், அன்றும் சினிமா. என்ன படம் என்று கேட்டால் "ஏசி ஹோல், தடிச்ச சுவர்" என்பார்.

ஆனால் கைத்துப்பாக்கியை எடுப்பது அவருக்காக மட்டும் இல்லை. சொல்லாமல் இருக்கலாம் என்பதற்காக. இதையும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

எல்லாம் கெட்டது.

காலையில் துணி ட்ரையருக்குள் ஏதோ டிங் டிங் என்று உருண்டது. அப்பா பட்டன் கழன்றுவிட்டதாக நினைத்துக் கையை விட்டுத் தேடியிருக்கிறார். நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வெற்றுத் தோட்டாக் கோது. பித்தளை, சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் நீளம். நேற்றுச் சுடும்போது தெறித்து என் ஜாக்கெட் தொப்பிக்குள் விழுந்திருக்க வேண்டும்.

வேறு யாராவது அப்பாவாக இருந்தால் இது என்ன என்று கேட்டிருப்பார். இவர் கேட்கவில்லை. மூக்கருகில் கொண்டுபோனார். சோப்பு மணம்தான் வந்திருக்கும். பிறகு என் புத்தக அலுமாரியில், அடுக்கியிருந்த நூலகப் புத்தகங்களுக்கு மேல், அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

சத்தம் போட்டிருக்கலாமே.

செப்டம்பர் 23, செவ்வாய்

அம்மா வேலையால் வந்து சீருடை மாற்றாமலே என் கட்டிலில் உட்கார்ந்தாள். "உன்ர அப்பா ரெண்டு நாளா ரேடியோ போடேல்லை. தேத்தண்ணிக்குச் சீனி காணாதெண்டும் சொல்லேல்லை. என்னடி செய்தனீ?"

சொன்னேன். முழுவதும். கை நடுங்குவது, கன்னம் படிந்தால் அடங்குவது, காண்டீன் தட்டு எல்லாம். அம்மா கேட்டுவிட்டுத் தன் சப்பாத்தைக் கழற்றினாள்.

"நான் சொல்லமாட்டன். நீதான் சொல்லோணும். நான் சொன்னா அழுவன், அவர் எனக்குத் தண்ணி எடுக்கப் போயிடுவார், கதை அதோட முடிஞ்சிடும்."

செப்டம்பர் 25

சொல்லவில்லை.

செப்டம்பர் 26

இன்றும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து அம்மா டோனட்டும் கோப்பியும் கொடுக்கிற மேசையில் யாரோடோ மாட்டிக்கொண்டாள். நானும் அப்பாவும் காரில். ஏசி போட்டிருந்தது. முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினேன். நான் தயார் செய்து வைத்த வசனம் ஒன்றும் வரவில்லை. "அப்பா, எனக்குச் சத்தத்துக்குப் பயம். உங்களை மாதிரியே. அங்க மட்டும் பயமில்லை" என்றேன். பிறகு போட்டி, டெனிஸ், ஷ்யாமளா. நூலகத்துக்குப் போகாத ஏழு சனிக்கிழமைகள்.

அவர் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

"என்ன துவக்கு? கட்டையோ நீளமோ?"

கட்டை என்றால் கைத்துப்பாக்கி. இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவேயில்லை. "இன்னும் வாங்கேல்லை. கட்டைதான் எடுக்கலாம் எண்டு… பைக்குள்ள வைக்கலாம். உங்கட கண்ணில படாது."

"கண்ணில படாது," என்று அப்பா திருப்பிச் சொன்னார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் தொலையக்கூடாது.

"பிள்ளை, நீளத்தோட நிக்கிறவன் றோட்டில நிப்பான். தூரத்திலயே தெரியும். நான் வழியை மாத்திப் போவன், இல்லாட்டி கையைத் தூக்குவன். நான் வேலை செய்த கந்தோருக்கு வந்தவன் வெறுங்கையோட வந்தவன். காணிப் படம் ஒண்டு வேணுமெண்டு கேட்டு, கதிரையில இருந்து என்னோட தேத்தண்ணியும் குடிச்சவன். பிறகு எழும்பிச் சேட்டுக்குள்ள இருந்து எடுத்தான். சுட்டது என்ர மேசைக்குப் பக்கத்து மேசையில இருந்தவரை. நான் பயந்தது எல்லாம் கட்டைக்குத்தான்."

எனக்கு இது தெரியாது. இருபத்தாறு வருடமாகத் தெரியாது. அப்பா எந்தச் சத்தத்துக்குப் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"வேண்டாமெண்டு சொல்லுறீங்களோ?"

"வேண்டாமெண்டா நீ நிப்பாட்டுவியோ?"

"நீங்கள் சொன்னா நிப்பாட்டுவன்," என்றேன். பொய் இல்லை.

அம்மா காகிதத் தட்டில் மூன்று டோனட்டோடு வந்துகொண்டிருந்தாள். அப்பா கதவுப் பூட்டைத் திறந்தார். "வாங்கினா நீளமா வாங்கு. முன்வாசலால கொண்டு வா."

அம்மா ஏறியதும் எங்கள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, ஆரும் அழேல்லையோ?" என்றாள். கொஞ்சம் ஏமாற்றமாக.

அக்டோபர் 4, சனி

அப்பாவும் வந்தார். கடைக்குள் வரவில்லை, காரில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். படிவம், அடையாள அட்டை, பின்னணிச் சோதனை. இருபது நிமிடம். எனக்கு எதிரே கண்ணாடிக்கு உள்ளே சின்னது கிடந்தது. அழகாகத்தான் இருந்தது. பார்த்தேன், விட்டுவிட்டேன்.

பெட்டி என் இடுப்புக்கு மேல் வந்தது. முன்வாசலால் கொண்டுபோனேன். வெள்ளியங்கிரி அங்கிள் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தவர், "என்ன கண்ணு, கீபோர்டா?" என்று கேட்டார். வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "இல்லை, துவக்கு. பிள்ளை போட்டிக்குப் போறா." அங்கிள் தொட்டியை விட்டுவிட்டார், அது தன்பாட்டில் சரிவில் உருண்டது.

உள்ளே வந்ததும் அப்பா கையை நீட்டினார். "துண்டு?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. கடையில் கொடுத்த தாளைத்தான் கேட்கிறார். துப்பாக்கியின் இலக்கமும் என் பெயரும் போட்ட தாள். "துண்டு இல்லாத சாமான் ஒண்டும் வீட்டில இருக்கப்படாது" என்று அவர் டோஸ்டருக்கே சொல்கிறவர்.

எங்கள் வீட்டில் ஒரு கறுப்புப் பை உண்டு. முன்கதவுக்குப் பின்னால், ஆணியில். ஓட வேண்டி வந்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். பிறப்புச் சான்றிதழ்கள், வவுனியாக் காணி உறுதிப் பத்திரம், அம்மாவின் நர்ஸ் பத்திரம், குடியுரிமைப் பத்திரங்கள். என் பட்டச் சான்றிதழ் அதற்குள் போன அன்று அப்பா கைகழுவிவிட்டு வந்து வைத்தார். இன்றும் கைகழுவினார். தாளை இரண்டு தடவை வாசித்தார். நான்காக மடிக்காமல், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, என் பட்டத்துக்குப் பின்னால் வைத்தார்.

நான் சமையலறைக்குப் போய் கழுவத் தேவையில்லாத பாத்திரம் ஒன்றைக் கழுவினேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

கராஜ் சுவரில் அப்பா இரண்டு இரும்புப் பெட்டிகள் பொருத்தினார். மட்டம் பார்க்கும் கருவியை நான்கு தரம் வைத்துப் பார்த்தார், வவுனியாவில் காணிப் படம் வரைந்த படவரைஞர் அல்லவா. பெரியது துப்பாக்கிக்கு, சின்னது ரவைக்கு. பெரியதன் சாவியை என்னிடம் தந்தார். சின்னதன் சாவியைத் தன் செபமாலையோடு சேர்த்துப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார்.

"துவக்கு உன்னட்ட. ரவை என்னட்ட. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் சண்டை."

இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரிடம் கேட்டுத்தான் போக வேண்டும். விசித்திரம், இது எனக்கு வசதியாக இருக்கிறது.

டெனிசுக்குச் செய்தி அனுப்பினேன்: கார்பைன்.

அக்டோபர் 11, சனி

6.4 விநாடி. ஜாக்கெட் தொப்பியை உதறிவிட்டுத்தான் காரில் ஏறினேன்.

அக்டோபர் 18, சனி

பதினாறு பேரில் ஒன்பதாவது. முதல் சுற்றில் நான்காவது தட்டு விழவே இல்லை. மூன்று தரம் அடித்தும் காற்றைத்தான் அடித்தேன். இரண்டாவது சுற்றில் டிங் டிங் டிங் டிங் டிங். ஐந்து சத்தமும் நான் கேட்ட நேரத்தில், நான் கேட்ட இடத்திலிருந்து.

ஷ்யாமளா கைத்துப்பாக்கிப் பிரிவில் கடைசிக்கு முந்தியவள். "எனக்குப் பின்னாடி ஒருத்தி இருக்கா பாரு, அது போதும்" என்று எல்லோருக்கும் சமோசா வாங்கித் தந்தாள்.

அப்பா வரவில்லை. வரமாட்டார், நானும் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்ட ஒரே கேள்வி: "மிச்ச ரவை எத்தினை?" எண்ணி வாங்கிப் பூட்டினார். பிறகு, நான் இடத்தைச் சொன்னதும், "ஒன்பதாவதோ. பரவாயில்லை, நான் ஓ-லெவல் சோதினைக் கணக்கில அதை விட மோசம்."

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஏழு மணிப் படத்துக்கு அம்மா மூன்று டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். நான் வேலை முடிந்து வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெள்ளியங்கிரி அங்கிள் வழக்கம் போல வேலிக்கு மேலால் அதிரசத் தட்டை நீட்டி, "சத்தம் ஜாஸ்தின்னா ஒரு வார்த்த சொல்லிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அம்மா கார்ச் சாவியோடு வாசலில் நின்றாள். அப்பாவைக் காணவில்லை. கராஜில் பார்த்தேன். என் பெட்டி பூட்டியபடி இருந்தது. பக்கத்து ஆணியில் மாட்டியிருந்த காதுக் கவசம் இல்லை.

பின் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். தலையில் அது. இடுப்பில் சாரமும் காதுக் கவசமுமாக, விமான நிலையத்தில் வேலை செய்கிறவர் போல. நான் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

"அப்பா, படத்துக்கு நேரம்."

"கேக்குது, கத்தாதை."

வேலிக்கு அப்பால் வாணம் ஒன்று கிளம்பியது. என் முதுகு விறைத்தது. அவருடைய முழங்கால் ஒருமுறை துள்ளியது, பிறகு நின்றுவிட்டது. மேலே பச்சையாக விரிந்து உதிர்ந்தது. அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் இல்லாமல் இதை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அம்மா வந்து எங்களைப் பார்த்தாள். சாவியைச் சாறிக்குள் செருகிக்கொண்டு அதிரசத் தட்டை எடுக்க உள்ளே போனாள்.

"அடுத்ததும் பச்சைதான்," என்றார் அப்பா. "பந்தயம்."

சிவப்பாக வந்தது.