அப்பாவின் புதுப் பற்களும் கிறிஸ்துமஸ் வால்நட்டும்

டிசம்பர், லூசியா திருநாள்

அன்பு மகள் திமேயாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், என் முழங்கால் வலியும் சுகம், பின்பக்கத்துப் பற்கள் இருந்த இடத்துப் பள்ளங்களும் சுகம். அங்கே நியூசிலாந்து வெயிலில் நீயும் உன் வீட்டுக்காரரும் குட்டி பாலிந்தும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கிற காலத்தில் அம்மா எதற்குக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தாள் என்று யோசிப்பாய். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன், அதற்குள் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

ஊர் நீ விட்டுப் போனபடியேதான் இருக்கிறது, மூலை ரொட்டிக்கடையை மட்டும் மூடிவிட்டார்கள், அங்கேயும் ஒரு பல் டாக்டர் வந்துவிட்டார். இப்போது ரொட்டி வேண்டுமென்றால் ஆற்றுப் பாலம் வரை நடக்க வேண்டும், பல் வேண்டுமென்றால் வாசற்படி இறங்கினால் போதும். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து மலிவாகப் பல் கட்ட வருகிற ஆஸ்திரியாக்காரர்களின் கார்கள் காலையிலேயே வந்து தெருவை அடைத்துக்கொள்கின்றன, வில்மாவின் விடுதியில் ஒரு அறை காலி இல்லை, நான்தான் இன்னமும் அங்கே சமையல். வீங்கின தாடையோடு படி ஏறி வருகிறவர்களுக்குப் பாலில் வேகவைத்த ரவை, மசித்த உருளைக்கிழங்கு, ஆறவைத்த சூப். உப்பு போதவில்லை என்று கூட அவர்களால் சொல்ல முடியாது, அதனால் என் சமையலைப் பற்றி இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. பல் இல்லாதவர்களுக்குச் சமைப்பதில் இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று வில்மாவே சொல்கிறாள், அவள் யாரையும் சுலபத்தில் புகழ்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

போன ஞாயிறு வீடியோவில் பாலிந்த் சிரித்தபோது பார்த்தேன், முன்பல் விளிம்பெல்லாம் தேயிலை ஊறிய நிறத்தில் இருக்கிறது. இன்னமும் ராத்திரி ஜூஸ் புட்டியை வாயில் வைத்துத்தானே தூங்கப்பண்ணுகிறாய்? ஊரார் வாயைப் பிளந்து பார்த்துச் சம்பாதிக்கிறாய், பெற்ற பிள்ளையின் வாயைப் பார்க்க உனக்கு நேரமில்லை. பல் டாக்டர் மகனுக்குப் பல் சொத்தை என்று வில்மாவிடம் சொன்னேன், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கோபப்படாதே, சிரித்தது அவள்தான். புட்டியில் வெறும் தண்ணீர் ஊற்று, இரண்டு ராத்திரி அழுவான், மூன்றாம் ராத்திரி தூங்குவான். படுக்கும் முன் நீயே பிரஷ் பிடித்துத் தேய்த்து விடு, அவனாகத் தேய்க்கிறான் என்று சொல்லாதே, அவன் பிரஷ்ஷைச் சப்புகிறான். பால்பல்தானே விழுந்துவிடும் என்று நினைக்காதே, நீயே படித்துச் சொன்னதுதான் இதெல்லாம், நான் திருப்பிச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இனி உன் அப்பா விஷயம். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், முதலிலிருந்து வந்தால்தான் எனக்கு எழுத வரும். கிறிஸ்துமஸ் முந்தின மாலை எல்லார் வீட்டிலும் ஆளுக்கொரு வால்நட்டை எடுத்து இடுக்கியால் உடைத்துப் பார்ப்பார்கள், பருப்பு வெளுப்பாக இருந்தால் அந்த வருஷம் ஆரோக்கியம், கறுத்திருந்தால் நோய். உன் அப்பா குடும்பத்தில் மட்டும் இடுக்கியைத் தொட்டால் மீசை உதிர்ந்துவிடும். வீட்டுத் தலைவன் ஒவ்வொருவர் வால்நட்டையும் வாங்கித் தன் பல்லால் உடைத்துக் கொடுக்க வேண்டும், அதுதான் அவர்கள் வீரம். உன் தாத்தா அப்படி உடைத்து உடைத்து நாற்பது வயதில் பொக்கை வாயானார், ஆனாலும் பிள்ளைக்குப் புத்தி வரவில்லை, உன் அப்பா பல்லும் அதே வழியில் போனது. உன் கல்யாணப் படத்தில் உன் அப்பா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து உன் மாமியார், மனுஷனுக்கு இருமல் போலிருக்கிறது என்று நினைத்தாளாம். நீ இரண்டு கோடைக்கு முன்னால் வந்தாய், உன்னோடு படித்த லோரான்டிடம் அவரை உட்காரவைத்து எலும்பில் திருகுகிற இம்ப்ளான்ட் பற்களை வரிசையாகப் போட்டுக் கொடுத்தாய். உனக்கு அடுத்த தடவை போட்டுடலாம்மா என்றாய். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை, பள்ளத்தில் சோறு சிக்கும்போது மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

எனக்குப் பல்தான் தரவில்லை, பல் விளக்குகிற வேலையைத் தந்துவிட்டுப் போனாய். அப்பாவுக்குக் கை நடுங்குதும்மா, அந்த இடுக்கு பிரஷ்ஷ அவரால பிடிக்க முடியாது, நீ பாத்துக்கோ என்று சொல்லிக் கற்றுக்கொடுத்தாய். காலையும் மாலையும் அவரை அடுப்பங்கரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு பல்லுக்கும் நடுவே அந்தச் சின்ன பிரஷ்ஷை நுழைத்து, ஈறு ஓரமாக நூல் இழுத்து, சுருட்டை நிறுத்தச் சொல்லித் திட்டி, மறுபடி கொப்பளிக்க வைத்தேன். அந்த வாய்க்கு நான் செய்த சேவையை உனக்குச் செய்ததில்லை, நீ குழந்தையாக இருந்தபோதுகூட. போன கிறிஸ்துமஸுக்கு நீ வீடியோவில், அப்பா எத வேணா கடிங்க, வால்நட்ட மட்டும் கடிக்காதீங்க என்று கெஞ்சியதால் இடுக்கியால் உடைத்தார், முகத்தை ஏழு முழத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு.

பல் வந்ததும் மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். தபால்காரரைப் பார்த்துச் சிரிப்பு, மாதா கோவிலில் சாவு வீட்டாரைப் பார்த்துச் சிரிப்பு, வெந்நீர்க் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு யாரென்று தெரியாதவர்களைப் பார்த்தெல்லாம் சிரிப்பு. அங்கேதான் அந்த கெர்தா, ஆஸ்திரியாக்காரி, புருஷனைப் புதைத்துவிட்டுப் பல் கட்ட வந்தவள். என் விடுதியில் தங்கி, என் ரவையைத் தின்று, ரொம்ப மிருதுவா இருக்கு என்று என்னையே பாராட்டிவிட்டு, என் புருஷனைத் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஈஸ்டர் திங்கட்கிழமை உன் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல பிரோஷ்கா, இத்தன வருஷமா வாயப் பொத்திக்கிட்டே வாழ்ந்துட்டேன், இனிமேலாவது நாலு பேரப் பாத்துச் சிரிச்சிட்டுப் போறேனே என்றார். நீ அப்போது போனில், அப்பாவுக்கும் ஒரு வாழ்க்கை வேணும்லம்மா என்றாய். அந்த வாழ்க்கையை எலும்பில் திருகி வைத்தது நீதான், அதனால் நீ அப்படித்தான் சொல்வாய்.

போனவர் முழுசாகப் போனாரா என்றால் அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை சந்தைக்கு எல்லை தாண்டி வருகிறவர், தோளில் பையோடு நேராக என் அடுப்பங்கரைக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்கிறார். அவளுக்குக் கை பழக்கமில்ல, கொஞ்சம் அருவருப்பு வேற படுறா, நீன்னா வரிசை தெரியும் என்கிறார். முத்தம் வாங்க ஒருத்தி, முத்தத்துக்கு வாயைக் கழுவிக் கொடுக்க ஒருத்தி. வாரத்துக்கு ஒரு நாள் பிரஷ், மற்ற நாளெல்லாம் சுருட்டு, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை அது எங்கே போய் முடியும் என்று. அறுவடை முடிந்த சமயம் பிரஷ்ஷில் ரத்தம் வந்தது. பிறகு ஒரு நாற்றம், விடுதியில் வேலை செய்கிற எனக்கு அந்த நாற்றம் நன்றாகத் தெரியும், ஈறுக்கு அடியில் சீழ் வைத்து எலும்பு கரைகிற நாற்றம். போன மாதம் முன்வரிசையில் ஒரு பல்லைப் பிரஷ் காம்பால் லேசாகத் தட்டினேன், ஆடியது. பக்கத்துப் பல்லையும் தட்டினேன், அதுவும் ஆடியது. எப்படி இருக்கு என்று அண்ணாந்தபடியே கேட்டார். கல்லு மாதிரி இருக்கு, குதிரை தோத்துது போங்க என்றேன்.

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சொந்தப் பல் என்றால் வலித்துக் காட்டிக்கொடுத்திருக்கும், இதற்கு நரம்பு கிடையாது, அவருக்கும் கிடையாது, நல்ல ஜோடி. லோரான்ட் என்னைப் பார்க்கும்போதெல்லாம், பிரோஷ்கா அத்தை, மாமா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காட்டணும், வரவே மாட்டேங்குறாரே, கொஞ்சம் சொல்லுங்க என்று நினைவூட்டுகிறான். சொல்றேன்பா, பாவம், உனக்கு எவ்ளோ அக்கறை என்று தலையாட்டினேன். சொல்லவில்லை. நீயும் ஒவ்வொரு ஞாயிறும், அப்பா பல்லு எப்படிம்மா இருக்கு என்று கேட்டாய், அம்மா பல் எப்படி இருக்கிறது என்று ஒரு ஞாயிறாவது கேட்டிருந்தால் நாக்கு தவறி உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. நன்றாக இருக்கிறது என்றேன். நீ நிம்மதியாகப் போனை வைத்துவிட்டாய்.

இப்போது கிறிஸ்துமஸ் வருகிறது. போன வெள்ளிக்கிழமை வாய் கொப்பளித்து முடித்த கையோடு உன் அப்பா, பண்டிகைக்கு நம்ம வீட்டுக்கே வரலாம்னு இருக்கேன், கெர்தாவையும் கூட்டிட்டு வரேன், நல்ல நாளும் அதுவுமா அவளத் தனியா விட்டுட்டு வர முடியுமா சொல்லு என்றார். வெட்கம் என்பதும் நரம்போடு போய்விடும் போலிருக்கிறது. தாராளமா வாங்க என்றேன். உன் சித்தப்பா குடும்பத்தையும் கூப்பிட்டுவிட்டேன், நாலு பேர் இருந்தால்தானே அழகு. அப்புறம் அவரே சொன்னார், இந்த வருஷம் எல்லாருக்கும் வால்நட்ட நான்தான் கடிச்சுக் கொடுக்கப் போறேன், எங்கப்பா கடிச்ச மாதிரி, கெர்தாகிட்ட சொன்னேன், அவ நம்பவே மாட்டேங்குறா. திமேயா வேண்டாம்னாளே என்று ஒப்புக்கு இழுத்தேன். அவளுக்கு என்ன தெரியும், படிச்சவ எல்லாத்துக்கும் பயப்படுவா, நீதான் சொன்னியே குதிரை தோத்துதுன்னு என்றார். ஆமாம், நான்தான் சொன்னேன்.

கொல்லை மரத்து வால்நட் வேண்டாம், அது ஓடு மெல்லிசு, பாலிந்தே உடைத்துவிடுவான். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் ஒரு பழைய மரம் இருக்கிறதே, சுத்தியலுக்கே அசையாத காய், அதிலிருந்து பொறுக்கிக் காயவைத்திருக்கிறேன், துணியால் துடைத்துக் கிண்ணத்தில் அடுக்கினால் பளபளவென்று பார்க்கவே அழகாக இருக்கிறது. கெர்தாவின் வால்நட்டைத்தான் முதலில் அவரிடம் நீட்டச் சொல்வேன், விருந்தாளி இல்லையா.

உன் அம்மா ராட்சசி என்று இந்த இடத்தில் நீ அழுவாய், அழு. நான் இதை விளையாட்டுக்குச் செய்யவில்லை. எனக்கு அவர் வேண்டும், திமேயா. பல்லோடு இருக்கும்போது அவர் ஊருக்கெல்லாம் சிரித்தார், பல் இல்லாமல் இருந்தபோது என் முன்னால் மட்டும்தான் கையை எடுத்துவிட்டுச் சிரிப்பார், வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு. அந்தச் சிரிப்பை நீ பார்த்ததில்லை, கெர்தா பார்த்ததில்லை, பார்த்தால் ஒரு ராத்திரி இருக்கமாட்டாள், தட்டில் ரத்தமும் பீங்கான் பற்களும் கிடக்க அவள் கார் சாவியைத் தேடுவாள். நான் நாற்காலியை இழுத்துப் போடுவேன்.

காகிதத்தை ஏன் எடுத்தேன் என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். போனில் சொல்லியிருந்தால் நீ அந்த நிமிஷமே லோரான்டைக் கூப்பிட்டிருப்பாய், அவன் எல்லை தாண்டிப் போய் அவரை அள்ளிப்போட்டு வந்து, சீழைச் சுத்தம் செய்து, மருந்து வைத்து, அந்தப் பற்களைக் காப்பாற்றியிருப்பான். நல்ல பிள்ளைகள் நீங்கள், காப்பாற்றாமல் விடமாட்டீர்கள். தபால் நிலையத்தில் விசாரித்துவிட்டேன், பண்டிகை நெரிசலில் சாதாரணத் தபால் புது வருஷம் பிறந்துதான் உன் கைக்கு வருமாம். பண்டிகை முழுக்கக் கடற்கரைக் கூடாரத்தில் இருப்போம், சிக்னல் கிடைக்காது என்று நீயே சொல்லிவிட்டாய், அதுவும் நல்லதாயிற்று. எனக்கோ உன்னிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை, அதனால்தான் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

ரவை மூட்டையாக வாங்கி வைத்தாயிற்று. கிறிஸ்துமஸ் ஆப்பிளையும் வாங்கிவிட்டேன், குடும்பம் பிரியாமல் இருக்க ஆளுக்கொரு துண்டு தின்ன வேண்டுமே, அவருடைய துண்டைத் துருவிக் கொடுத்துக்கொள்கிறேன். மாதா உன் குடும்பத்துக்கு நோய் நொடி இல்லாத வருஷத்தைக் கொடுக்கட்டும், உன் கைராசி அந்த ஊரில் பெருகட்டும், பாலிந்துக்கு என் முத்தம், ராத்திரி புட்டியில் தண்ணீர், மறக்காதே. இது கையில் கிடைத்ததும் வீட்டுக்குப் போன் போடு. அப்பாதான் எடுப்பார். பேச்சு கொஞ்சம் குழறும், பொறுமையாகக் கேள்.

உன் அன்பு அம்மா,
பிரோஷ்கா