கருங்கயத்தின் அறாத கயிறு

நலம் பெருகுக. வேங்கைமூதூர் அரியணையில் வீற்றிருந்து மருதவாய் நாடு காக்கும் கோ வெற்பரசரின் திருவடி நிழலில், பேரமைச்சர் வயலூர் நக்கனார் விடுத்த ஓலை. கருங்கயத்தின் நான்கு கரைக்கும் மூன்று மதகுக்கும் காவல் பூண்ட ஏரிக்காவலர் பூதன் மறவனார் காண்க. உம் கரைகள் உடையாதிருக்க. உம் மதகுகள் காலத்தில் திறந்து காலத்தில் அடைபடுக. உம் குடிகள் நீரால் வாழ்க. இம்மூன்றாம் வாழ்த்தை அமைச்சர் மும்முறை தொடங்கியே சொல்லி முடித்தார் என்பதையும், அவர் ஆணைப்படியே, ஓலை எழுதுவோன் இங்குப் பொறிக்கிறான்.

நீவிர் அறிந்த செய்தியும் முதலிலிருந்தே சொல்லப்படுகிறது. இவ்வோலை உம் ஊர் மன்றத்தில் அனைவரும் கேட்கப் படிக்கப்பட வேண்டும்.

சென்ற மாரியில் கருங்கயத்தில் வாளை பெருகிற்று. ஆள் நீளம் வளர்ந்த வாளைகள் கெண்டைக் குஞ்சுகளை விழுங்கித் தீர்க்கவே, கோடையில் கரைசூழ் பதினெட்டு ஊரும் உண்ணும் மீன் அருகியது. வீட்டுக்கொரு படகு முறைவைத்துத் தூண்டிலோடு இறங்குக என அமைச்சர் ஆணையிட்டார். அதில் தவறில்லை. ஆனால் படகுகள் பாதிக்கு மேல் வெறுமையாய்த் திரும்பின. கேட்டபோது, கயிறு அறுந்தது என்றனர் வலைஞர். கருங்கயத்தை ஒருமுறையும் கண்டிராத அமைச்சர், அவர்கள் மீனை ஒளிப்பதாக எண்ணினார்.

அப்போது வேம்பன் என்னும் வலைஞன் அவைக்கு வந்து பணிந்து விண்ணப்பித்தான். உறுதிக்காகப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறிய சணற்கயிற்றையும் வாளையின் பல் நறுக்கிவிடும். ஆதலால் கயிற்றுக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவே ஒரு முழம் மெல்லிய செப்புக்கம்பி முறுக்கிக் கட்டுவர். அதனை முன்னிழை என்பர். அம்முன்னிழை பல்லுக்கு அஞ்சாது. ஆயினும் கயிற்றினும் வலுக் குறைந்ததாய் இருக்க வேண்டும். படகையே கவிழ்க்கும் மீன் மாட்டினால் முதலில் அதுவே விட்டுக்கொடுக்கும். விராலுக்கோ கம்பி வேண்டா. பாசியில் உரசித் தேயாத தடித்த கயிறு போதும். ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு கயிறு என்றான். அறுவதற்கென்றே கயிறு செய்வாரும் உளரோ என்று அமைச்சர் நகைத்தார். அவையும் நகைத்தது.

பின்னர் ஆயுதச்சாலையில் பட்டும் சணலும் நான்கு புரியாய் முறுக்கி, முன்னே இரும்புக்கம்பியை மூன்று மடங்காய்ப் பின்னி, எல்லா வீட்டுக்கும் ஒரே வகைக் கயிறு அனுப்பப்பட்டது. அதன் கடைமுனையைப் படகின் முகப்பில் கட்டுக என்றும், அறுந்த கயிற்றோடு கரை சேர்பவன் ஏரியில் இறங்கும் உரிமையை இழப்பான் என்றும் ஓலை சென்றது. அவ்வோலையும் இவ்வமைச்சர் விடுத்ததே.

ஒன்பது நாள் முன்பு, நடுமதகு திறந்திருந்த காலையில், வேம்பனின் தூண்டிலில் பெருவாளை மாட்டியது. அது நீரோட்டத்தை நோக்கி ஓடியது. படகு பின்சென்றது. மதகு வாயில் படகு கவிழ்ந்தது. மறுநாள் வேம்பனின் உடலை எடுத்தபோது, அவன் இடுப்புக் கத்தி உறையிலேயே இருந்தது. அதனைக் கீழ்ப்படிதலின் சிறப்பென்று நீவிர் எழுதியிருந்தீர். அவ்வரியை அமைச்சர் ஏழுமுறை படித்தார்.

நேற்று அவன் மனைவி கொற்றி இரண்டு நாள் நடந்து அவைக்கு வந்தாள். அழவில்லை. மடியிலிருந்து கயிற்றுச் சுருளை எடுத்துத் தரையில் வைத்தாள். ஆயுதச்சாலைக் கொல்லர் குனிந்து அதை இழுத்துப் பார்த்து, அவள் யாரென அறியாமல் மகிழ்ந்து கூவினார். அவை வழக்குக்கு மாறாக, அங்குப் பேசப்பட்டவை பேசியபடியே எழுதப்படுகின்றன.

“பாத்தீங்களா! ஒரு புரிகூட விடல! நம்ம பட்டறைச் சரக்குன்னா சும்மாவா?”

“ஆமாங்கய்யா, நல்ல சரக்கு” என்றாள் கொற்றி. “அறக்கூடாதுன்னுதானே சொன்னீங்க? அறல. மனுசன்தான் போயிட்டாரு.”

கொல்லர் கயிற்றைத் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார்.

வேண்டுவது யாது என அமைச்சர் வினவினார்.

“எனக்கு ஒண்ணும் வேணாம் சாமி. எங்க வீட்டு முறைக்கு இப்ப என் தம்பி தத்தன் எறங்கணும். பௌர்ணமி விடியக்காலைல. அவனுக்கும் இதே கயிறு. காவக்காரரு கால்ல விழுந்து பாத்துட்டேன். ஓலையில இருக்கு, நான் என்ன பண்ணட்டும்னாரு. அதான், ஓலை போட்டவங்களையே பாக்க வந்தேன்.”

உம்மை அமைச்சர் குறைகூறவில்லை. ஓலையில் இருந்தது என்பது உண்மை.

ஆகவே இனி ஓலையில் இருப்பது இது: முந்தைய கட்டளை முழுதும் நீக்கப்பட்டது. ஆயுதச்சாலைக் கயிறுகள் அனைத்தும் இன்றே கரையில் எரிக்கப்படுக. எந்த மீனுக்கு எக்கயிறு என்பதை வலைஞரே முடிவு செய்க. வாளைக்குச் செப்பு முன்னிழையே கட்டப்படுக. அது கயிற்றினும் வலுக் குறைந்ததாய் இருக்க. கடைமுனை படகில் கட்டப்படாது, கையிலேயே இருக்க. கயிறு அறுந்து திரும்புபவனிடம் ஒரு வினாவும் எழுப்பற்க.

குதிரைவீரன் பௌர்ணமி விடியலுக்கு முன் கரை சேர்வான் என அமைச்சர் நம்புகிறார். உறுதி கூற அவரால் இயலவில்லை. தத்தன் நீரில் இறங்கிவிட்டிருந்தால், மன்றம் கூடும்வரை காத்திரற்க. நீவிரே படகேறிச் சென்று அவன் கயிற்றை அறுத்துவிட்டு, பின்னர் மன்றத்தில் படியும்.

வேம்பன் உயிர்க்கு ஈடு சொல்ல இவ்வோலைக்கு வலுவில்லை. அமைச்சர் தம் முத்திரை மோதிரத்தை மன்னர் திருமுன் வைத்துத் தீர்ப்பை வேண்டி நிற்கிறார். மன்னர் இன்னும் தீர்ப்பருளவில்லை. ஆதலின் இவ்வோலைக்கு அமைச்சர் மோதிரம் பதியவில்லை. அரண்மனைப் பொது இலச்சினையே இடப்பட்டது.

இவ்வோலையின் கட்டுக்கயிறாக வேம்பனின் கயிறே வெட்டிச் சுற்றப்பட்டது. முடிச்சு கொற்றி இட்டது. நீரில் நனைந்தாலும் அவிழாத வலைஞர் முடிச்சு. அதன்மேல் அரக்கு. அறுக்காமல் இதனைத் திறக்க வழியில்லை. இவ்வரியை நீவிர் படிக்கையில், அறக்கூடாதென்ற கயிறு உம் கையால் அறுந்திருக்கும். அதன்பொருட்டு உமக்குத் தண்டனை இல்லை.

ஆணை. விரைக.