டெல்ஃபியை விடாதவர்கள்

4 நவம்பர், திங்கள்
பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் இரண்டாவது வாரம். டயாலிசிஸ் நிலையங்களுக்கான மென்பொருளை, இணையத்தில் ஓடும்படி புதிய நிரல்மொழியில் திரும்ப எழுதத்தான் முதலாளி நாகையா என்னை எடுத்தார். இப்போது ஓடுவது டெல்ஃபி. நான் பாலர் பள்ளிக்குப் போன காலத்து மொழி! இங்கே நிரல் எழுதும் சந்திரகலாவும் ஷாஹுல் ஹமீதும் அதை விடுவதாக இல்லை. இருவருக்கும் என் வயதுதான்.

"ஏன் இன்னும் இதையே?"

"நல்லா ஓடுது லா," என்றார் ஷாஹுல்.

சோம்பேறித்தனம். வேறென்ன?

12 நவம்பர், செவ்வாய்
சோம்பேறித்தனம் இல்லை. என் புது மொழியையும் சந்திரகலா சரளமாக எழுதுகிறாள். என் நிரலில் ஒரு பிழையைக் காட்டிவிட்டுச் சிரித்தபடி போனாள். அப்புறம் ஏன்?

20 நவம்பர், புதன்
கிள்ளான் நிலையத்தில் பழையதோடு சேர்த்து, நான் இதுவரை எழுதியதையும் ஓட்டிப் பார்க்கிறோம். "கலர் நல்லா இருக்கு," என்றார் அங்கே தாதியாக இருக்கும் மிஸ்ஸி பஞ்சவர்ணம். கலர்!

29 நவம்பர், வெள்ளி
கிள்ளானில் வெள்ளம். நிலையத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நோயாளிகளை ஜெஞ்சாரோம் நிலையத்துக்கு வேனில் கொண்டுபோனார்கள், சந்திரகலாவும் நானும் கூடப் போனோம். அங்கே இணையம் இல்லை. என் மென்பொருள் திறக்கவே இல்லை — திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. யார் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுப்பது, யாருக்கு எந்த மருந்து ஆகாது, எல்லாம் அதற்குள். மலர் என்ற அக்கா மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்?

சந்திரகலா பென்டிரைவை எடுத்தாள். தண்ணீர் ஏறும்போதே கிள்ளான் கணினியிலிருந்து பழைய மென்பொருளையும் பதிவுகளையும் நகல் எடுத்திருக்கிறாள். ஒரு தேய்ந்த மடிக்கணினியில் செருகினாள். நிறுவ ஒன்றும் இல்லை, இணையமும் வேண்டாம். உடனே திறந்தது.

"பேரு சொல்லுங்கக்கா."

மலரக்காவின் விவரம் திரையில் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏன் பழையதை விடவில்லை என்று, காரில் திரும்பும்போது சந்திரகலாவிடம் கேட்டேன்.

"புதுசு பிடிக்காம இல்ல, ரோகிணி. நம்ம சென்டர் பாதியில நெட் லைன் சரியில்ல, கம்ப்யூட்டரும் பழசு. அங்க ஓடணும்ல? இதவிட நல்லது கிடைச்சா நாளைக்கே மாறிடுவேன்."

என்ன தெளிவு! நான் மொழியைப் பார்த்தேன். இவர்கள் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்திருக்கிறார்கள்.

3 டிசம்பர், செவ்வாய்
என் திட்டத்தை நிறுத்திவிடலாம் என்று நாகையாவிடம் நானே சொன்னேன்.

"அப்போ உன் வேலை?"

தெரியலை என்றேன். ஆனாலும் சொன்னது சரிதான்.

4 டிசம்பர், புதன்
ஷாஹுல் தன் மேசைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். அதைப் பார்த்த நாகையா, "டெல்ஃபி கத்துக்க," என்றார்.

18 ஜனவரி, சனி
சுங்கை பூலோ நிலையம். திரையில் மருந்து எச்சரிக்கை எழுத்து சின்னதாக இருக்கிறதாம், கண்ணாடி போட்டாலும் தெரியவில்லை என்று அங்குள்ள மிஸ்ஸி குறைபட்டார். டெல்ஃபியில் இப்போது எனக்குக் கை ஓடுகிறது. அங்கேயே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன். அவர் வைத்துவிட்டுப் போன தேநீர் இன்னும் ஆறவில்லை.

"ஆயிடுச்சா? அவ்ளோதானா?"

"அவ்ளோதான்கா. வேற என்ன கஷ்டமா இருக்கு, சொல்லுங்க."